ஸ்லீவா, பைபாஸா: நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு எது ஏற்றது?

மதுரையில் வசிக்கும் உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோயும் தீராத நெஞ்செரிச்சலும் இருப்பதால், எடைக் குறைப்புக்கு எந்த அறுவை சிகிச்சை ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி அகற்றிவிடுவதால், குழாய்போல் எஞ்சும் பகுதியில் அழுத்தம் கூடி, அமிலம் மேலேறுவது பலருக்கு அதிகமாகிறது. வெட்டியதைத் திரும்பப் பொருத்தவும் இயலாது. ஆகவே, அவருக்கு இரைப்பை பைபாஸே (இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் முறை) பொருந்தும் என்று கருதுகிறேன். சர்க்கரையும் பெரும்பாலும் அதில் நன்றாகக் கட்டுப்படும்.

ஆனால், சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் உணவு கடந்து செல்வதால், இரும்புச்சத்து, கால்சியம், பி12 மாத்திரைகளை ஆயுள் முழுவதும் உட்கொண்டாக வேண்டும். ஒரு டம்ளர் ஜிகர்தண்டா குடித்தால்கூட, அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் புரட்டக்கூடும். மூட்டுவலிக்காக அவர் அடிக்கடி வலி மாத்திரை போடுபவரென்றால், அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். பைபாஸுக்குப் பின் அவற்றில் பல, குடலை இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடியவை.