ஜிம்மில் சேர்ந்ததும் எடை ஏறுகிறதே, ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

எடை குறைக்கத்தான் ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே ஸ்குவாட், லஞ்ச் என்று காலுக்கான பயிற்சிகள். மறுநாள் படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை எடை பார்த்தால் 1.4 கிலோ கூடியிருக்கிறது! சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. பயிற்சி என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். கூடியிருப்பது கொழுப்பு இல்லை, தண்ணீர். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவாவதற்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 1.4 கிலோ என்றால் பத்தாயிரத்துக்கும் மேல். வழக்கமான சாப்பாட்டில் மூன்று நாளில் அது நடக்கிற காரியமே இல்லை.

தண்ணீர் சேர்ந்த முதல் இடம் உங்கள் தொடை. ஸ்குவாட்டில் உட்காரும்போதும் லஞ்சில் காலை முன்வைத்து இறங்கும்போதும் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை இப்படி நீளும்போதுதான் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு அதிகம். படி ஏறுவதைவிட இறங்கும்போது வலி உயிரை வாங்கியதற்கும் இதுதான் காரணம். கணுக்கால் சுளுக்கினால் வீங்குகிறதே, அதே வேலைதான் இங்கேயும் சிறிய அளவில் நடக்கிறது. ரத்த நுண்குழாய்களின் சுவர் சற்றே இளக, நீரும் புரதமும் வெள்ளை அணுக்களும் தசைக்குள் கசிந்து பழுதுபார்க்கத் தொடங்குகின்றன. தொட்டுப் பார்த்தால் தொடை கனத்து இறுகினாற்போல் இருக்கும். பேன்ட் தொடையில் மட்டும் பிடிக்கும், இடுப்பில் பழைய அளவிலேயே நிற்கும்.

வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். வீக்கம் அப்படியல்ல. கடுமையான பயிற்சியாக இருந்தால் நான்காம், ஐந்தாம் நாளில்கூட அது உச்சத்தில் இருக்கும். அதனால்தான் வலி போன பிறகும் எடை இறங்காமல் பலரைக் கலங்கடிக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிடும்.

இரண்டாவது இடமும் தசைதான், ஆனால் இது வீக்கம் இல்லை, சேமிப்பு. சாப்பிடும் மாவுச்சத்தைத் தசைகள் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்கும். தொடர்ந்து பயிற்சி செய்யச் செய்ய இந்தச் சேமிப்பு கூடும். கூடுதலாக 100 கிராம் சேர்ந்தாலே எடைக்கருவியில் 400 கிராம்.

மூன்றாவது, ரத்தம். வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகத் தொடங்கும். 10 சதவீதம் கூடுவது சாதாரணம். ஒருவருக்குச் சுமார் 3 லிட்டர் பிளாஸ்மா என்றால் அதுவே 300 மி.லி. இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளவும் உடம்புச் சூட்டைத் தணிக்கவும் இது உதவுகிறது. ஆக, நீங்கள் பயந்து பார்க்கும் அந்த 1.4 கிலோவில் ஒரு பங்கு, பயிற்சி பலன் தருவதற்கான முதல் அடையாளம்.

பயிற்சிக்குப் பிறகு உடம்பில் தங்கும் நீரைக் குறைக்க, குடிக்கும் தண்ணீரைக் குறைக்கலாமா? நீர் பிரியும் மாத்திரை ஒன்று போட்டால் இறங்கிவிடும் என்கிறார் நண்பர்.

இரண்டும் வேண்டாம். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரை அடக்கும் ஹார்மோன் இன்னும் அதிகமாகச் சுரந்து, சிறுநீரகம் இருப்பதையும் பிடித்து வைக்கும். மருத்துவர் எழுதித் தராத நீர் மாத்திரை சோடியம், பொட்டாசியம் இரண்டையும் வாரி வெளியேற்றி, தசைப்பிடிப்பு, மயக்கம், இதயத் துடிப்புக் கோளாறு வரை கொண்டுபோகும். அதோடு, மாத்திரையால் இறங்கும் எடை நிறுத்தியவுடன் திரும்ப வந்துவிடும்.

வலிக்காக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை வாங்கிப் போடுவதும் இதே பட்டியலில் வர வேண்டியது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அவை குறைக்கும், உப்பையும் நீரையும் தங்க வைக்கும். வியர்த்து நீர் வற்றிய நிலையில் போட்டால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

இந்த வீக்கம் வராமலே பயிற்சி செய்ய வழி இருக்கிறதா?

முழுக்கத் தவிர்க்க முடியாது, நன்றாகக் குறைக்கலாம். தசைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பயிற்சியை ஒருமுறை செய்துவிட்டால், அடுத்த முறை அதே பயிற்சியில் சிதைவு வெகுவாகக் குறையும். இந்தப் பாதுகாப்பு பல வாரங்களுக்கு நிற்கும். அதைப் பெற முதல் நாளே உடம்பை அடித்துப்போட வேண்டியதில்லை, லேசாகச் செய்தாலும் கிடைக்கும்.

முதல் வாரம் ஒவ்வொரு பயிற்சியிலும் 1 அல்லது 2 செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) போதும். 'இன்னும் நாலைந்து தடவை செய்யலாம்' என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். தூக்கும் எடையை வாரத்துக்கு 5 முதல் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். எடையும் செட்டும் ஒரே வாரத்தில் ஏற வேண்டாம், ஏதாவது ஒன்று மட்டும். அதே தசைக்கு மறுபடி கடுமையான வேலை கொடுக்க 48 மணி நேரம் இடைவெளி விடுங்கள். இடைப்பட்ட நாளில் 20, 30 நிமிடம் மெதுவாக நடந்தால், கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது காலில் தேங்கிய நீர் மேலேறும். தூக்கத்தில் கை வைக்காதீர்கள், பழுதுபார்ப்பு அப்போதுதான் மும்முரமாக நடக்கிறது.

10 முதல் 15 டிகிரி குளிர்நீரில் 10 நிமிடம் கால்களை வைத்திருந்தால் வலி குறையும், உண்மைதான். ஆனால் தசை வளர வேண்டும் என்று வெயிட் தூக்குகிறவர்கள் இதைத் தினசரி வழக்கமாக்கக் கூடாது. அது வளர்ச்சியையே மட்டுப்படுத்துகிறது.

அரை மாரத்தான் ஓடினேன். ஓடுவதற்கு முன் 62 கிலோ, முடித்ததும் 60.6. மூன்றாம் நாள் காலையில் 63.1! இடையில் இரண்டரை கிலோ எப்படி ஏறியது? ஓடும்போது 600 மி.லி. தண்ணீர் குடித்தேன்.

முதலில் இறங்கிய 1.4 கிலோ அநேகமாக முழுக்க வியர்வை. குடித்த 600 மி.லி.யையும் சேர்த்தால் நீங்கள் இழந்தது சுமார் 2 லிட்டர். இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முன் எடையில் பின் எடையைக் கழித்து, குடித்ததைக் கூட்டி, இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழித்தால், உங்கள் வியர்வை அளவு. அதை ஓடிய மணி நேரத்தால் வகுத்தால் அடுத்த ஓட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஓரளவு பிடிபடும்.

பிறகு ஏறியதைப் பார்ப்போம். இழந்த நீர் முதல் நாளே திரும்பியிருக்கும். தீர்ந்துபோன கிளைகோஜன், ஓட்டத்துக்குப் பிந்தைய சாப்பாட்டில் முன்பைவிடச் சற்று அதிகமாகவே நிரம்பும், அதோடு அதன் தண்ணீரும். நீர் வற்றியதும் சுரந்த அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும். உடம்பில் 8, 9 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால் அதோடு ஒரு லிட்டர் நீரும் தங்கும். ஓட்டத்துக்குப் பிறகு உப்பு தூக்கலாகச் சாப்பிட்டிருந்தால் இது சட்டென்று தெரியும். தொடை, கெண்டைக்கால் வீக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 63.1-க்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அடுத்த ஒரு வாரத்தில் 62-க்கு வந்துவிடுவீர்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றை ஓடுகிற அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடி முடித்த உடனேயே எடை கூடியிருந்தால் அது ஆபத்து. வியர்த்ததைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போயிருக்கலாம் என்று அர்த்தம். 2002-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்குத்தான் அது மிக அதிகம். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். களைப்பு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். உடனே மருத்துவ உதவி தேவை. தாகத்துக்குக் குடியுங்கள், வழியில் இருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

தினமும் எடை பார்ப்பது நல்லதா, வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லதா? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டுகிறது.

தினமும் பார்க்கலாம், ஆனால் தனி ஒரு நாளின் எண்ணை நம்பக் கூடாது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் குடிப்பதற்கு முன், குறைந்த உடையில் ஏறி நில்லுங்கள். கருவி கெட்டியான தரையில் இருக்கட்டும், மிதியடி, கம்பளம் மேல் வைத்தால் எண் தவறும். இடம் மாற்றினால் முதலில் ஒருமுறை காலால் அழுத்தி, பூஜ்ஜியம் வந்த பிறகு ஏறுங்கள்.

ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். உதாரணத்துக்கு, முதல் வாரம் 72.4, 72.9, 73.6, 73.3, 72.8, 72.5, 72.2. சராசரி 72.8. இரண்டாம் வாரம் 72.0, 72.3, 72.9, 72.6, 72.2, 72.0, 71.8. சராசரி 72.3. அரை கிலோ இறங்கியிருக்கிறது. ஆனால் முதல் வாரத்தின் முதல் நாளையும் (72.4) இரண்டாம் வாரத்தின் மூன்றாம் நாளையும் (72.9) மட்டும் பார்த்தவர், அரை கிலோ ஏறிவிட்டதாக நினைத்து ஜிம்மை விட்டிருப்பார். வாரத்தில் ஒரே நாள் எடை பார்ப்பதில் உள்ள சிக்கல் இதுதான். அந்த நாள் கடும் பயிற்சிக்கு மறுநாளாக அமைந்துவிட்டால், வாரம் முழுவதும் எடுத்த முயற்சியை மறைத்துவிடும்.

அளவு நாடாவையும் பயன்படுத்துங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். எடை நின்றிருக்க இடுப்பளவு குறைந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். கொழுப்பு சதவீதம் காட்டும் கருவிகள் பாதம் வழியாக நுண்ணிய மின்சாரம் செலுத்தி அளப்பவை. உடம்பில் நீரின் அளவு மாறினாலே அந்த எண்ணும் மாறும் என்பதால், பயிற்சி முடித்த கையோடு அதில் ஏறிப் பயனில்லை.

மாதவிலக்கு நெருங்கும்போதும் எடை கூடுகிறது. பயிற்சியால் கூடியதா, இதனாலா என்று எப்படிப் பிரித்தறிவது?

எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் அரை கிலோவிலிருந்து 2 கிலோ வரை நீர் சேரலாம், பயிற்சி நீரும் அதோடு கலந்துவிடும். இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடாமல், சென்ற சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். மாதவிலக்கு முடிந்த வாரத்தின் சராசரிதான் நம்பகமானது.

ஜிம்முக்குப் போகிறவர்கள் தசை பலத்துக்கு எடுக்கும் கிரியேட்டின் பொடியை எடுக்க ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது. இது தசையா?

பெரும்பாலும் தசைக்குள் புகுந்த தண்ணீர். தினம் 20 கிராம் வீதம் 5, 7 நாள் எடுப்பவர்களுக்கு 1 முதல் 2 கிலோ வரை இப்படி ஏறும். 3 முதல் 5 கிராம் மட்டும் எடுத்தால் ஏற்றம் மெதுவாக இருக்கும், மூன்று, நான்கு வாரத்தில் அதே பலன் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அப்பாவுக்கு 61 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வேகநடை ஆரம்பித்த இரண்டு வாரத்தில் எடையும் கூடி, கணுக்காலும் வீங்குகிறது. இதுவும் பயிற்சி நீர்தானா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சியால் வரும் வீக்கம் உழைத்த தசையில் இருக்கும், வலியோடு வரும், நாளாக நாளாக வடியும். இரு கணுக்காலும் வலியில்லாமல் வீங்குவது வேறு விஷயம். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி அப்படியே நின்றால் தோலுக்கடியில் நீர் கோத்திருக்கிறது. அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளால் இது வரலாம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறாகவும் இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறி, மூச்சு வாங்கினாலோ படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அதற்கும் தாமதம் கூடாது.

இளவயதினருக்கும் ஒன்று. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தசை கல்லாக இறுகி வலி தாங்க முடியாமல் இருந்தால், அது தசைச் சிதைவு எல்லை மீறியதன் அடையாளம். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், என்ன பயிற்சி, எத்தனை தடவை, என்றைக்குச் செய்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் எந்த ரத்தப் பரிசோதனை என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும்.