ஒரே ஒரு விஷயத்துக்கென்றே பிறந்த விசித்திரமான ஆங்கிலச் சொற்கள் எவை? அவை எப்படி வந்தன?

எனக்குப் பிடித்தது பெட்ரிகோர். காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் எழும் வாசனைக்குத்தான் இந்தப் பெயர். எங்கள் பென்னாகரம் பக்கம் மானாவாரிக் காட்டில் கோடை மழை பிடித்தால், உழுதுபோட்ட செம்மண்ணிலிருந்து குப்பென்று வருமே, அதுவேதான். 1964இல் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வைத்த பெயர். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் கல். இகோர், தேவர்களின் உடலில் ரத்தத்துக்குப் பதில் ஓடும் திரவம். வறண்ட நாட்களில் செடிகள் விடும் எண்ணெய் மண்ணிலும் கல்லிலும் ஊறிக்கிடக்கும். கூடவே மண் பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். துளி பட்டதும் இரண்டும் காற்றில் ஏறிவிடும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இந்த மணத்தை அத்தராகவே வடிக்கிறார்கள்; விஞ்ஞானிகள் பெயர் வைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஷூ லேஸ் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பி ஆக்லெட். ஊசியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

அப்புறம் டிஃபெனஸ்ட்ரேஷன்: ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவது. இதற்கெல்லாமா ஒரு சொல்! லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் ஜன்னல். 1618இல், இன்றைய செக் நாட்டிலுள்ள பிராக் கோட்டையில் அரசரின் பிரதிநிதிகள் இருவரையும் எழுத்தர் ஒருவரையும் இப்படித்தான் வீசினார்கள். ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் மூண்டதே அதில்தான். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்தருக்குப் பிற்பாடு 'உயர வீழ்ச்சி' என்று பொருள்படும் பட்டம் வேறு கொடுத்தார்கள். குசும்பு பிடித்த அரண்மனை.