ஆங்கிலப் பேச்சில் சொல்லிறுதி: எந்தக் கிளையிலிருந்து தொடங்குவது?

கேள்வி: படிவம் ஐந்தில் பயிலும் என் மகள் ஆங்கில இலக்கணப் பயிற்சிகளைப் பிழையின்றி எழுதுகிறாள். பேசும்போது மட்டும் சொற்களின் இறுதியை விழுங்கிவிடுவதாக ஆசிரியர் கூறுகிறார். ஒலியியல், உருபனியல் (சொல்லின் உறுப்புகள்), தொடரியல் (வாக்கிய அமைப்பு), பொருண்மையியல் (சொற்பொருள்) என்று மொழியியல் கிளைகள் பல இருக்க, மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு எதிலிருந்து தொடங்கலாம்? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் மகளின் இடர்ப்பாடு ஒலியியலும் உருபனியலும் சந்திக்கும் இடத்தில் இருப்பதால், பாடநூல் வரிசையைப் பொருட்படுத்தாமல் அங்கேயே தொடங்குங்கள்.

இறந்தகாலம் காட்டும் 'எட்' விகுதி எழுத்தில் ஒன்றாகத் தோன்றினாலும் ஒலியில் மூன்றாகிறது. 'வாக்' போலக் குரல் அதிராத ஒலியில் முடியும் வினைக்குப் பின் அதிர்வற்ற டகரமாகவும், 'பிளே' போல அதிரும் ஒலியில் முடிவதன் பின் அதிர்வுள்ள டகரமாகவும், 'வான்ட்' போல டகர ஒலியிலேயே முடிவதன் பின் மட்டும் தனி அசையாகவும் அது ஒலிக்கும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். தமிழ் எழுத்து இவ்விரு டகரங்களையும் வேறுபடுத்திக் காட்டாது. ஆதலால் உச்சரிப்பைத் தமிழில் குறித்துவைத்துப் படிக்கும் வழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை.

தமிழ் வினை காலம் காட்டுவதால் கருத்து அவளுக்குப் புதிதன்று. ஆனால் சொல்லிறுதியில் மெய்கள் அடுக்கி வருவது தமிழுக்கு இயல்பில்லை. அன்றாடம் புழங்கும் மலாயிலோ வினை காலத்திற்கேற்ப உருமாறுவதே இல்லை. இரண்டும் சேர்ந்தே விகுதியை விழுங்க வைக்கின்றன. இதைத் திருத்தப்போய் 'வாக்கெட்' என்று அசை கூட்டிவிடுவதும் பிழையே.

பயிற்சிக்கு, விகுதியை அடுத்து உயிரொலியில் தொடங்கும் சொல் வரும்படி வாக்கியங்கள் அமைக்கச் சொல்லுங்கள். 'வாக்ட் இன்' என்பதில் இறுதி டகரம் அடுத்த உயிரோடு சேர்ந்துகொள்வதால் சொல்வது எளிது. நேற்றைய நிகழ்ச்சிகளைக் கைப்பேசியில் பதிவுசெய்து, விகுதிகளை மட்டும் கவனித்துக் கேட்கட்டும். பன்மை விகுதிக்கும் இம்முறை பொருந்தும்.

தொடரியலில், மலாயைப் போலவே ஆங்கிலத்திலும் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இருப்பதால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. 'டிட்' என்று தொடங்கும் வினாவில் வினை பகுதி வடிவத்திற்குத் திரும்பிவிடும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். பொருண்மையியலுக்கெனத் தனிப் பாடம் தேவையில்லை, வாசிப்பு போதும்.

நீங்கள் குறிப்பிடாத இன்னொரு கிளை, சூழலுக்கேற்ற பொருளை ஆராயும் பயன்வழியியல். பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் இரு மாணவர்கள் கலந்துரையாட வேண்டும். நண்பர்களிடையே 'கேன் லா' ('முடியும்' என்பதன் மலேசியப் பேச்சு வழக்கு) முற்றிலும் பொருத்தமானது, அதைக் கண்டிக்காதீர்கள். தேர்வில் மறுப்பையும் உடன்பாட்டையும் காரணத்தோடு முழு வாக்கியமாகச் சொல்லவும், எதிரிலிருப்பவரின் கருத்தை வினவவும் பழக்குங்கள். விகுதிகள் ஓரளவு படிந்த பின் இதைத் தொடங்கினால் போதும்.