சீனாவோட ஏஐ கனவு – ஒரு வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

சாட்ஜிபிடி மாதிரி சீனாவுலருந்து டீப்சீக்னு ஒரு ஏஐ வந்ததுலருந்து எங்க ஆபீஸ்ல இதே பேச்சுதான். பாதிப் பேர் இது சும்மா காப்பி, பின்னாடி சீன கவர்மெண்ட் காசு இருக்குன்னு சொல்றாங்க. மீதிப் பேர், 2030-க்குள்ள ஏஐல உலகத்துலயே நம்பர் ஒன் ஆகணும்னு சீனா 2017-லயே பிளான் போட்டுருச்சு, போட்ட பிளானை அவங்க முடிக்காம விடமாட்டாங்கன்னு சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?

கே., கோவை

அன்புள்ள கே.,

ரெண்டு பக்கமும் ஒரே இடத்துலதான் சறுக்குறாங்க. எல்லாத்தையும் பெய்ஜிங்ல உக்காந்து யாரோ முடிவு பண்ணி நடத்துறாங்கன்னு நினைக்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல.

அந்த பிளான் வந்த நேரத்தைப் பாருங்க. 2017 மே மாசம் சீனாவுல வுஜென்ங்கற ஊர்ல, கோங்கற பலகை ஆட்டத்துல அப்ப உலகத்துலயே முதலிடத்துல இருந்த கே ஜியேங்கற 19 வயசுப் பையனை கூகுளோட ஆல்ஃபாகோங்கற ஏஐ புரோகிராம் 3-0ன்னு தோற்கடிச்சுது. சீனாவுல பொறந்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆடிட்டு வர்ற ஆட்டம் அது, ஆனா மேட்சை சீனாவுக்குள்ள லைவா காட்டக்கூட விடல. அந்தத் தோல்வியாலதான் பிளான் வந்துச்சுன்னு சொல்ல வரல, அவ்ளோ பெரிய ஆவணம் ரெண்டு மாசத்துல எழுதற விஷயம் இல்ல. ஆனா ஜூலைல சீனாவோட மந்திரிசபையான ஸ்டேட் கவுன்சில் அதை வெளியிட்டப்ப யாருக்கும் அது வெறும் பேப்பரா தெரியல. 2020-ல மத்தவங்களுக்கு சமமா வரணும், 2025-ல சில துறைல முந்தணும், 2030-ல உலகத்தோட முக்கியமான ஏஐ மையம் ஆகணும், இந்தத் தொழிலோட மதிப்பு 1 லட்சம் கோடி யுவானைத் தாண்டணும்.

சரி, அந்த ஆர்வம் முதல்ல எங்க போய் விழுந்துச்சு? முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற டெக்னாலஜில. சென்ஸ்டைம், மெக்வி, யிட்டு, கிளவுட்வாக்னு நாலு கம்பெனி, அவங்களோட பெரிய கஸ்டமர் போலீசும் அரசாங்கமும். சீனாவோட மேற்குல இருக்கற ஷின்ஜியாங்ல உய்கர்ங்கற முஸ்லிம் சிறுபான்மை மக்களைக் கண்காணிக்க இந்த மாதிரி கேமராவும் சாஃப்ட்வேரும் போச்சு, அதனாலயே 2019-ல அமெரிக்கா இதுல பல கம்பெனிகளை கறுப்புப் பட்டியல்ல போட்டுச்சு. அப்புறம் 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்து ஆட்டமே மாறுச்சு. அதுக்கு சீனாலருந்து உலகமே திரும்பிப் பார்த்த பதில் இந்த நாலு பேர்கிட்டருந்து வரல, ஹாங்ஜோல ஷேர் மார்க்கெட் ஃபண்டு நடத்திட்டு இருந்த லியாங் வென்ஃபெங்கிட்டருந்து வந்துச்சு. டீப்சீக்கை ஆரம்பிச்சது அவர்தான்.

அவர் ஆள் எடுத்த விதத்தைத்தான் நான் பெருசா பார்க்கிறேன். வெளிநாட்டுலருந்து பெரிய பேரெல்லாம் கூப்பிடல, பெரும்பாலும் உள்ளூர் யூனிவர்சிட்டில படிச்சு முடிச்ச சின்னப் பசங்க. அந்தப் பசங்க ஒரே நாள்ல வந்துடல. 1998-ல மைக்ரோசாஃப்ட் பெய்ஜிங்ல ஒரு ஆராய்ச்சிக் கூடம் ஆரம்பிச்சுது, ரொம்ப ஆழமான ஏஐ நெட்வொர்க்கையும் பழக்க முடியும்னு காட்டுன ரெஸ்நெட் 2015-ல அங்கருந்துதான் வந்துச்சு, இன்னைக்கு இருக்கற பெரிய மாடல் எல்லாத்துலயும் அந்த ஐடியா இருக்கு. அங்க வேலை பழகினவங்க கம்பெனிக்கும் காலேஜுக்கும் பரவுனாங்க, அடுத்த செட்டுக்கு சொல்லிக் குடுத்தாங்க. அரசாங்கத்தோட பங்கே இல்லன்னு சொல்லல, யூனிவர்சிட்டியும் கரண்டும் அவங்க குடுத்தது. சீனா இப்ப அமெரிக்காவை விட ரெண்டு மடங்குக்கு மேல மின்சாரம் தயாரிக்குது, டேட்டா சென்டருக்கு அது எவ்ளோ பெரிய பலம்னு உங்களுக்கே தெரியும். ஆனா யார் ஜெயிப்பாங்கன்னு அவங்களுக்கும் முன்கூட்டியே தெரியல.

காப்பின்னு சொல்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. 2022 அக்டோபர்ல அமெரிக்கா நல்ல சிப்பை சீனாவுக்கு விக்கக்கூடாதுன்னு சொன்னதும், அமெரிக்க சிப் கம்பெனி என்விடியா அந்தத் தடைக்குள்ள அடங்கற மாதிரி ஹெச்800னு ஒரு சிப் செஞ்சு குடுத்துச்சு, சிப்புக்கும் சிப்புக்கும் நடுவுல டேட்டா போற வேகத்தைக் குறைச்சு. டீப்சீக் கையில இருந்தது அதுதான். அந்த சிப்புக்குள்ள கணக்குப் போடற யூனிட் 132 இருக்கு, அதுல 20-ஐ டேட்டாவை அனுப்பி வாங்கற வேலைக்கு மட்டும்னே ஒதுக்கிட்டாங்க, அதுக்கான கோடை ரொம்ப அடிமட்டத்துல இறங்கி அவங்களே எழுதுனாங்க. இதை யாரைப் பார்த்து காப்பி அடிக்க முடியும்? சாட்ஜிபிடி செஞ்ச ஓப்பன்ஏஐ, தன்னோட மாடல் குடுத்த பதிலை வச்சு டீப்சீக் அவங்க மாடலைப் பழக்கியிருக்காங்கன்னு சந்தேகம் சொல்லுச்சு, அதை நான் ஒதுக்கித் தள்ளல, ஆனா இந்த வேலை அதுல வராது. அதே மாதிரி 56 லட்சம் டாலர்ல முடிச்சாங்கன்னு ஆபீஸ்ல யாராவது சொன்னா அதையும் திருத்துங்க. அது வி3ங்கற அவங்க மாடலோட கடைசி ட்ரெய்னிங்குக்கு ஆன செலவு மட்டும், அதுக்கு முன்னாடி பண்ணுன ஆராய்ச்சி இதுல சேராதுன்னு அவங்க அறிக்கையிலேயே எழுதியிருக்காங்க.

2030 பத்தி கேட்டீங்க. சிப் விஷயம் தீராம முதலிடம் கஷ்டம். ரொம்ப நுணுக்கமான சிப் செய்ய வேண்டிய இயூவி மெஷினை நெதர்லாந்துல இருக்கற ஏஎஸ்எம்எல் மட்டும்தான் விக்குது, சீனாவுக்கு ஒண்ணுகூட விக்கல. பழைய தலைமுறை மெஷினை வச்சே சீன சிப் கம்பெனி எஸ்எம்ஐசி 7 நானோமீட்டர் சிப் செஞ்சு 2023-ல ஹுவாவே ஃபோன்ல வந்துச்சு, அது நிஜமாவே பெரிய சாதனை. ஆனா அதே சிப்பை லட்சக்கணக்குல, பழுது இல்லாம, கட்டுப்படியாகற விலைல செய்யறது வேற சவால். லியாங்கே 2024-ல ஒரு பேட்டில, எங்களுக்குப் பணம் பிரச்சினை இல்ல, சிப் தடைதான் பிரச்சினைங்கற அர்த்தத்துல சொல்லியிருந்தார்.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது வேற விஷயம். டீப்சீக் ஆப்ல சீன அரசியல் பத்தி சில கேள்வி கேட்டா, பதில் டைப் ஆகிட்டே வரும், பாதி வந்ததும் கண்ணு முன்னாடியே மொத்தமும் அழிஞ்சு, வேற ஏதாவது பேசலாம்னு ஒரு வரி வந்து நிக்கும். 1989 ஜூன் 4-ல பெய்ஜிங் தியானன்மென் பக்கம் ஜனநாயகம் கேட்டுப் போராடுனவங்களை ராணுவம் சுட்டது பத்தி கேட்டா அந்தப் பாதி பதில்கூட வராது. 2023 ஆகஸ்ட்ல வந்த விதிப்படி அங்க பொதுமக்களுக்குக் குடுக்கற ஏஐ சோஷலிச மதிப்புகளுக்கு உட்பட்டுப் பேசணும். இவ்ளோ திறமையான பசங்க தங்களோட நாட்டோட சரித்திரத்தையே சொல்லக்கூடாத ஒரு மெஷினைக் கட்ட வேண்டியிருக்கு. அதை எந்த ரேங்க் பட்டியலை வச்சும் என்னால சரின்னு ஏத்துக்க முடியல.

அதுக்காக அவங்க குடுத்ததை வேண்டாம்னு சொல்லாதீங்க. டீப்சீக்கோட ஆர்1 மாடல், யாரும் இலவசமா எடுத்து மாத்திக்கலாம்ங்கற எம்ஐடி லைசென்ஸ்ல வந்திருக்கு, சீன கம்பெனி அலிபாபாவோட க்வென்ங்கற ஏஐ வரிசைல சின்ன மாடல்கள் உங்க லேப்டாப்லயே ஓடும். டவுன்லோட் பண்ணி தமிழ்ல கேட்டுப் பாருங்க, எங்க தடுமாறுதுன்னு நீங்களே எழுதி வைங்க. அப்படியே டீப்சீக் வி3 அறிக்கையில ஹார்டுவேர் பத்தி வர்ற பகுதியை முதல்ல படிங்க, புரியாத இடம் இருந்தா எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.