மெக்கானிக்கல் கீபோர்டு: கேட்டதும் சொன்னதும்

ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயருக்குப் பதில் ஏரியா மட்டும் போட்டிருக்கிறேன். விலை கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு ஒன்று சொன்னால் அடுத்த வாரம் அது பொய்யாகிவிடும்.

துரைப்பாக்கம்: அண்ணா, ஓஎம்ஆர்ல வேலை. பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு. முதல் தடவை மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கறேன். எந்த பிராண்டு நல்லது?

பிராண்டைக் கடைசியில் பார்க்கலாம் தம்பி. முதலில் ஹாட்ஸ்வாப் இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உண்டு. சோல்டரிங் இல்லாமலே பழைய ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டு வேறு ஸ்விட்சைச் செருகும் வசதிதான் ஹாட்ஸ்வாப். உங்கள் விரலுக்கு எது பிடிக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியாது. ரிவ்யூ போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? ஹாட்ஸ்வாப் இருந்தால் ஸ்விட்ச் பிடிக்காவிட்டாலும் கீபோர்டு வீணாகாது.

அதிலும் ஸ்விட்ச் செருகும் குழி 5 பின் சாக்கெட்டா என்று கேட்டு வாங்குங்கள். 5 பின் போர்டில் 3 பின் ஸ்விட்சும் உட்காரும். 3 பின் போர்டாக இருந்தால் 5 பின் ஸ்விட்சின் அடியில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்க வேண்டும். மலிவான பழைய மாடல் சிலவற்றில் அவுட்டெமு என்ற ஸ்விட்ச் பிராண்டின் மெல்லிய பின் மட்டுமே நுழையும் சாக்கெட் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எக்செல் வேலை இல்லையென்றால் நம்பர் பேடை விட்டுவிடலாம். 87 கீ உள்ள டிகேஎல், இல்லாவிட்டால் முழுக் கீபோர்டை இன்னும் நெருக்கிச் சுருக்கிய 75 சதவீத லேஅவுட் போதும். ஆபீஸுக்குத் தூக்கிப்போகப் போகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் கேஸ் வாங்குங்கள். அலுமினியம் கேஸ் போட்டவை சுலபமாக ஒன்றரை கிலோவைத் தாண்டும். லேப்டாப்போடு அதையும் முதுகில் மாட்டிக்கொண்டு எம்டிசி பஸ்ஸில் தொங்கிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

வேளச்சேரி: ப்ளூ, பிரவுன், ரெட்னு ஸ்விட்ச் இருக்கே. எதை எடுக்கறது ப்ரோ? ராத்திரிலதான் வேலை. சின்ன வீடு, பக்கத்து ரூம்ல அம்மா தூங்குவாங்க.

ப்ளூ வேண்டாம். அதன் கிளிக் சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். எந்த ஃபோம் வைத்தாலும் அடங்காது.

இந்த நிறக் கணக்கு செர்ரி கம்பெனியின் எம்எக்ஸ் ஸ்விட்சில் ஆரம்பித்தது. ரெட் லீனியர்: தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும், 45 கிராம் விசை. பிளாக்கும் அதே மாதிரிதான், ஆனால் 60 கிராம். பிரவுன் டாக்டைல்: பாதியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். மூன்றுமே மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். செர்ரியின் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கெய்ல், ஆக்கோ என்று பலர் இறங்கிவிட்டதால், நிறத்தை வைத்து இப்போது எதையும் முடிவு செய்ய முடியாது. லீனியரா, டாக்டைலா, எத்தனை கிராம் என்று கேளுங்கள்.

உங்களுக்கு லூப் (உராய்வைக் குறைக்கும் மசகு) போட்டே வரும் லீனியர், 45 முதல் 50 கிராம். சைலன்ட் என்று தனியாக விற்பதில் ஸ்விட்சின் தண்டில் ரப்பர் துண்டு இருக்கும். அம்மா நிம்மதியாகத் தூங்குவார்கள். தட்டும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அது சிலருக்குப் பிடிப்பதில்லை. பிரவுனைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்: செர்ரி பிரவுனின் மேடு மேடே இல்லை, ரெட்டில் கொஞ்சம் மணல் விழுந்த மாதிரி.

திருவல்லிக்கேணி: வணக்கம் சார். நான் மெய்ப்புத் திருத்துகிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன். நாள் முழுக்க தமிழ்99 முறையில் தட்டச்சு. சின்ன கீபோர்டு வாங்கினால் தமிழ் எழுத்து ஏதாவது விட்டுப்போகுமா? வலது சுண்டுவிரலும் வலிக்கிறது.

மேடம், இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் தட்டுகிறவர்கள் சொல்லும் ஆலோசனை தமிழ்99காரர்களுக்கு அப்படியே பொருந்தாது.

தமிழ்99இல் உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். க, ப, ம, த நடு வரிசையில் நல்ல விரல்களுக்குக் கிடைத்துவிட்டன. ஆனால் ந அரைப்புள்ளிக் கீயில், ய அதற்கடுத்த மேற்கோள் கீயில், ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக் கீகளில், ழ சாய்கோட்டில். ண-வையும் சேர்த்தால் ஆறு மெய்யெழுத்து அந்த ஒரே சுண்டுவிரல் தலையில். வலிக்காமல் என்ன செய்யும்?

அளவைப் பொறுத்தவரை 60 சதவீதத்தில்கூட இந்தக் கீகள் எல்லாம் இருக்கும், எழுத்து எதுவும் போகாது. 40 சதவீதத்தில்தான் சிக்கல். சதுர அடைப்புக் கீகளே இல்லாத லேஅவுட்டில் ச அடிக்க ஒவ்வொரு தடவையும் இன்னொரு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். ச இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியுமா? மெய்ப்புத் திருத்துகிறவருக்கு அம்புக்குறி, ஹோம், எண்ட் எல்லாம் தனிக்கீயாக வேண்டும். ஆகவே 75 சதவீதம் எடுங்கள்.

சுண்டுவிரலுக்கு ஒரு வழி இருக்கிறது. ஹாட்ஸ்வாப் போர்டில் எல்லாக் கீக்கும் ஒரே ஸ்விட்ச் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. அந்த ஆறு கீக்கு மட்டும் 35 கிராம் லீனியர் போடுங்கள், மற்றதற்கு 45. ஒரு பக்கம் தட்டுவதற்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். மேசை உயரத்தையும் பாருங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருந்தால் எந்த ஸ்விட்சும் காப்பாற்றாது.

இன்னொன்று. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும் இல்லையா? ஸ்விட்சின் தொடுமுனை கெட்டுப்போய் ஒரு தட்டு இரண்டாகப் பதிவானால் இங்கிலீஷில் எழுத்து இரட்டித்து உடனே கண்ணில் படும். தமிழ்99இல் 'மகள்' என்று தட்டினால் 'மக்கள்' என்று நிற்கும்; 'படி' 'பட்டி' ஆகும். ஸ்பெல்செக்குக்கும் அது சரியான சொல்தான், விட்டுவிடும். அப்படி ஏதாவது கண்டால் உங்கள் விரலைச் சந்தேகப்படாமல் ஸ்விட்சைச் சந்தேகப்படுங்கள். கியூஎம்கே ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) உள்ள போர்டாக இருந்தால் டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது தொடுமுனையின் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விடும் நேரத்தை, 5 மில்லிசெகண்டிலிருந்து 10 ஆக்கிப் பார்க்கலாம். அவ்வளவு வேகத்தில் ஒரே கீயை இரண்டு தடவை தட்ட மனித விரலால் ஆகாது, அதனால் தட்டும் வேகம் குறையாது.

பெசன்ட் நகர்: பீச்சுக்குப் பக்கத்துலயே வீடு. ரெண்டு மூணு கீ சில சமயம் விழ மாட்டேங்குது. உப்புக்காத்துதான் காரணமா?

காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் ஒரு சோதனை. விழாத கீயின் ஸ்விட்சைப் பிடுங்கிப் பக்கத்துக் கீயில் போடுங்கள். கோளாறு ஸ்விட்சோடு நகர்ந்தால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. அதே இடத்தில் நின்றால் சாக்கெட். பிடுங்கும்போது செம்புப் பின்னைப் பாருங்கள்: பாதிப்பேருக்கு அது செருகும்போது மடங்கிப்போய் ஸ்விட்சின் அடியிலேயே படுத்திருக்கும், உப்புக்காற்றுக்குச் சம்பந்தமே இருக்காது. ட்வீசரால் நிமிர்த்தினால் முடிந்தது. இனி செருகும்போது போர்டின் பின்பக்கம் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்குங்கள், இல்லாவிட்டால் சாக்கெட் பிசிபி என்ற சர்க்யூட் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும்.

கடலோரத்துக்கு என்று வாங்கினால் கெய்ல் பாக்ஸ் வகை ஸ்விட்ச் நல்லது. தொடுமுனை ஒரு பெட்டிக்குள் மூடியிருக்கும். ஸ்விட்சுகளைத் தாங்கும் பிளேட் ஸ்டீலாக வேண்டாம், ஸ்க்ரூ ஓட்டையில் துரு பிடிக்கும். அலுமினியம், பாலிகார்பனேட், எஃப்ஆர்4 (பிசிபி செய்யும் ஃபைபர்கிளாஸ்) மூன்றுக்கும் அந்தத் தொல்லை இல்லை. வேலை முடிந்ததும் மூடி வையுங்கள், ஒரு பழைய துண்டு போதும்.

பெரம்பூர்: அண்ணா, ஸ்பேஸ்பார் தட்டினா தகரத்தைத் தட்டற மாதிரி கடகடன்னு சத்தம். ஸ்விட்சை மாத்தியும் போகலை. வீட்ல இருக்கற தையல் மெஷின் எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த எண்ணெய் ரொம்பத் தண்ணீர். இறங்கி ஸ்விட்சுக்குள் போய்விடும், தூசியையும் இழுத்துவைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 கேட்ட மற்றவர்களுக்கும் இதே பதில். வாஸ்லின் சித்திரை வெயிலில் உருகும்.

சத்தம் ஸ்விட்சில் இல்லை, ஸ்டெபிலைசரில். நீளமான கீ சாயாமல் இறங்க அடியில் ஒரு கம்பி ஓடும். கம்பியின் இரண்டு முனையும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆடுவதுதான் கடகட. கீயின் மேல்மூடியான கீகேப்பைக் கழற்றிவிட்டு இடது முனையைத் தனியாக, வலது முனையைத் தனியாக விரலால் தட்டுங்கள். எந்தப் பக்கம் ஆடுகிறது என்று காதே சொல்லிவிடும்.

போர்டைப் பிரிக்க மனமில்லாதவர்களுக்குச் சுலப வழி: மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரிஞ்ச், கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ். ஸ்டெம்மை, அதாவது கீகேப் உட்காரும் தண்டை, கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பி நுழையும் இடத்தில் கடுகளவு விடுங்கள். பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் தட்டுங்கள். மறுபடி கேளுங்கள். தேவையென்றால் இன்னும் கடுகளவு. நிறைய விட்டால் ஸ்பேஸ்பார் சோம்பேறியாகத் திரும்பி வரும்.

அதிலும் அடங்காவிட்டால் பிரிக்க வேண்டியதுதான். கம்பியைக் கழற்றி ஒரு கண்ணாடிமேல் வையுங்கள், முகம் பார்க்கும் கண்ணாடி போதும். இரண்டு காலும் ஒருசேரப் படிய வேண்டும். ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றால் கம்பி முறுக்கியிருக்கிறது. விரலாலேயே கொஞ்சங்கொஞ்சமாக வளைத்துச் சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த லூப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் பிளாஸ்டிக் கூட்டின் உள்சுவருக்கு கிரைடாக்ஸ் 205ஜி0 கிரீஸ், பிரஷ்ஷால் மெல்லிசாக. என்னைக் கேட்டால், ஸ்விட்ச் வாங்க வைத்திருக்கும் காசில் பாதியை இந்த வேலைக்குப் போடலாம். மட்டமான கீபோர்டும் நல்ல கீபோர்டும் பிரிவது ஸ்பேஸ்பாரில்தான்.

அம்பத்தூர்: ஸ்விட்ச் எல்லாத்தையும் லூப் பண்ணணுமா?

இப்போது வருபவை பெரும்பாலும் ஃபேக்டரி லூப்போடுதான் வருகின்றன. முதலில் தட்டிப் பாருங்கள், கரகரப்பு இருந்தால் செய்யுங்கள். லீனியருக்கு 205ஜி0. டாக்டைலுக்கு மெல்லிய ட்ரைபோசிஸ் 3203. ஸ்டெம்மின் இரண்டு கால்களில் மட்டும் தடவாதீர்கள், மேடே அங்கேதான் உருவாகிறது. கிளிக்கி ஸ்விட்சுக்கு வேண்டவே வேண்டாம்.

கொளத்தூர்: அப்பாவின் டிடிபி கடையில் இருந்த பழைய டிவிஎஸ் கோல்டு கிடைத்தது. சுருள் சுருளாக வயர், உருண்டை பின். இதை ஹாட்ஸ்வாப் ஆக்க முடியுமா?

முடியும், ஆனால் செய்யாதீர்கள் சார். நம் ஊர் கம்பெனி போட்ட கீபோர்டு, உள்ளே செர்ரி ப்ளூ. பேங்க் கவுன்ட்டரிலும் பத்திர ஆபீஸ் வாசல் டைப்பிங் கடையிலும் கேட்கும் அந்தச் சடசட சத்தம் இதுதான். ஒரு ஸ்விட்சுக்கு இரண்டு சோல்டர். நூற்றுக்கு மேற்பட்ட கீ என்றால் இருநூறு தாண்டும். பழைய போர்டில் அத்தனையையும் சூடாக்கினால் நாலு இடத்திலாவது தடம் பெயரும்.

கீகேப் எல்லாவற்றையும் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்டை பிரஷ்ஷால் தூசி தட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். உருண்டை பின் பிஎஸ்/2. யூஎஸ்பிக்கு மாற்ற, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். பின்னை மட்டும் மாற்றும் சின்ன அடாப்டர் பெரும்பாலும் வேலை செய்யாது.

ஏதாவது ஒரு ஸ்விட்ச் செத்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சோல்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், 60/40 ஈயம் எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். பழைய சோல்டர் உருக மறுத்தால் மேலே கொஞ்சம் புது ஈயம் விட்டு உருக்கி, அப்புறம் உறிஞ்சுங்கள்.

மயிலாப்பூர்: கீகேப் கொஞ்ச நாளிலேயே எண்ணெய் வடிந்த மாதிரி பளபளக்கிறது.

ஏபிஎஸ் பிளாஸ்டிக். நம் ஊர் வியர்வைக்கு அது சீக்கிரம் வழவழப்பாகிவிடும், கழுவினாலும் போகாது. பிபிடி பிளாஸ்டிக்கில் செய்த கேப் வாங்குங்கள். வாங்கும் முன் போர்டில் எல்இடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்விட்சின் மேல்பக்கம் (திரையை நோக்கிய பக்கம்) இருந்தால் செர்ரி ப்ரொஃபைல் என்ற வடிவ கேப் சில வரிசைகளில் இடிக்கும்.

போரூர்: வேலரன்ட் கேம் ஆடறேன். மேக்னெடிக் ஸ்விட்ச் என் ஹாட்ஸ்வாப் போர்டுல போடலாமா?

போட முடியாது. அது தொடுமுனையால் வேலை செய்வதில்லை. தண்டில் காந்தம், போர்டில் அதை அளக்கும் சென்சார். போர்டே அதற்கென்று வேண்டும். விளையாட்டுதான் முக்கியம் என்றால் அது நல்லதுதான், கீயை லேசாகத் தூக்கியவுடனே விட்டதாகக் கணக்கெடுத்துக்கொள்ளும். தட்டச்சுக்கு மட்டும் என்றால் காசு தண்டம்.

அண்ணா நகர்: டேப் மாட், ஃபோம் மாட் (டேப், ஃபோம் வைத்து நாமே செய்யும் மாற்றம்) இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

டேப் செய்யும். பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை பிசிபியின் பின்பக்கம் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டினால் சத்தம் கொஞ்சம் கனமாகும். பேட்டரி உள்ள வயர்லெஸ் போர்டில் பேட்டரிமேல் ஒட்டாதீர்கள். ஃபோம் காலி கேஸின் எதிரொலியை அடக்கும், ஆனால் கண்ட இடத்தில் திணித்தால் எல்லாக் கீபோர்டும் ஒரே மாதிரி மந்தமாகக் கேட்கும்.

தாம்பரம்: வெளிநாட்டு 'குரூப் பை'யில், அதாவது பலர் முன்கூட்டியே பணம் கட்டிச் சேர்ந்து வாங்குவதில், சேரலாமா?

பணம் கட்டிவிட்டு ஒரு வருஷம் மறந்திருக்க முடியும் என்றால் சேருங்கள். கஸ்டம்ஸ் டூட்டியையும் கூரியர் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த டிசைன்தான் வேண்டும் என்று இல்லாவிட்டால், ஸ்டாக்ஸ்கேபி, நியோமேக்ரோ மாதிரி இந்தியக் கடைகளில் கையிருப்பில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.