வாசகர் கேள்வி பதில்: மாற்றுச் சிறுநீரகமும் டக்ரோலிமஸ் மருந்தும்

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் வீடுகளிலிருந்து வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம். எல்லாமே, புதிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்கப் போடும் டக்ரோலிமஸ் மருந்தைச் சுற்றியவை. இரத்தத்தில் இதன் அளவு குறைந்தால் உடம்பு புதிய சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும். கூடினால் இந்த மருந்தே சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகச் சிறியது.

*என் கணவருக்குச் சத்திரசிகிச்சை முடிந்து நாலு மாதம். கிளினிக்குக்குக் கொழும்பு போகிறோம். போன முறை இரவு பஸ்ஸில் போய் இறங்கி, 6 மணிக்குக் குளிசையைப் போட்டுவிட்டு 8 மணிக்கு இரத்தம் கொடுத்தார். அளவு மிகக் கூட என்று சொல்லித் திரும்ப வரச் சொன்னார்கள். என்ன பிழை?*
— வாசகி, களுவாஞ்சிகுடி

இரத்தம் கொடுக்க முன்னரே குளிசையைப் போட்டதுதான் பிழை. விழுங்கி ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் இந்த மருந்து இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். வைத்தியர் பார்க்க விரும்புவது உச்சத்தை அல்ல, அடுத்த வேளைக்குச் சற்று முன்னர் மிஞ்சியிருக்கும் ஆகக் குறைந்த அளவை. முதல் மாதங்களில் அது பொதுவாக மில்லிலீற்றருக்கு 8 முதல் 12 நனோகிராம் வரையும், பிறகு 5 முதல் 8 வரையும் இருக்கவேண்டும் என்று பார்ப்பார்கள். உங்கள் கணவருக்கு எவ்வளவு என்பது அவருடைய கிளினிக் கொப்பியில் இருக்கும். உச்ச நேரத்தில் எடுத்த இரத்தத்தைச் சரியான நேரத்து இரத்தம் என்று நம்பி மருந்தைக் குறைத்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். திரும்ப வரச் சொன்னது நல்லதாயிற்று.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். இரத்தம் காலை 8 மணிக்கு என்றால் முதல்நாள் இரவு வேளை சரியாக 8 மணிக்கு. அந்த நேரம் பஸ்ஸில் இருந்தாலும் போடவேண்டும், ஆகவே மருந்து மேலே ஏற்றிய பேக்கில் அல்ல, கையில் இருக்கட்டும். காலை வேளைக் குளிசையைப் பையில் வைத்துக்கொண்டு, இரத்தம் எடுத்த கையோடு போடட்டும். முதல்நாள் எத்தனை மணிக்குப் போட்டார் என்று ஒரு துண்டில் எழுதி, இரத்தம் எடுப்பவரிடம் கொடுங்கள். வரிசை நீண்டு 9 மணியானால் அதையும் சொல்லுங்கள்.

*பார்மசியில் வழமையான பெட்டி இல்லை, "மருந்து ஒன்றுதான், கம்பனிதான் வேறு" என்று இன்னொன்றைத் தந்தார்கள். போடலாமா?*
— வாசகர், அக்கரைப்பற்று

கிளினிக்கைக் கேட்காமல் போடவேண்டாம். பரசிற்றமோலுக்குக் கம்பனி மாறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. டக்ரோலிமஸ் அப்படியல்ல. ஒவ்வொரு கம்பனியின் கப்சியூலிலிருந்தும் குடல் உறிஞ்சும் அளவில் சிறு வித்தியாசம் இருக்கலாம், அந்தச் சிறு வித்தியாசமே இந்த மருந்துக்குப் பெரிது. மாற்றத்தான் வேண்டும் என்றால் வைத்தியர் மாற்றி, ஒரு வாரமளவில் அளவைத் திரும்பப் பார்ப்பார்.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. ப்ரோகிராஃப் போன்றவை நாளுக்கு இருவேளை. அட்வகிராஃப் போன்றவை மெதுவாகக் கரைபவை, நாளுக்கு ஒருவேளை. இரண்டிலும் எழுதியிருப்பது டக்ரோலிமஸ் என்றுதான். மாறிப் போட்டு நிராகரிப்பு வரை போனவர்கள் இருந்ததால், கம்பனிப் பெயரைச் சொல்லியே எழுதவும் கொடுக்கவும் வேண்டும் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012இல் அறிவுறுத்தியது. ஆகவே பழைய பெட்டியின் வெட்டிய அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். பெயர், மில்லிகிராம், ஒருவேளையா இருவேளையா, மூன்றையும் கவுண்டரிலேயே பாருங்கள். இரண்டு கிழமைக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மாரி வெள்ளத்தில் பாதை அறுந்தால் பார்மசிக்காரரும் ஒன்றும் செய்யமுடியாது.

வைக்கும் விதமும் முக்கியம். கப்சியூலை விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்கவேண்டும். கிழமைக்கு ஒருமுறை உடைத்துச் சிறு டப்பாவில் போட்டுவைத்தால் வாவிக்கரை ஈரத்தில் இளகி ஒட்டிவிடும். பிரிட்ஜ் தேவையில்லை. வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழுள்ள அலுமாரியும் மோட்டார் சைக்கிள் பெட்டியும்தான் கூடாத இடங்கள்.

*காலையில் போட மறந்தால்?*
— வாசகி, திருக்கோவில்

8 மணிக் குளிசை 10, 11 மணிக்கு நினைவு வந்தால் உடனே போடுங்கள். மாலை 5, 6 மணியானால் விட்டுவிட்டு 8 மணிக்கு வழமையானதை மட்டும் போடுங்கள். இடைப்பட்ட நேரமென்றால் கிளினிக்குக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். இரண்டு வேளையையும் சேர்த்து ஒருபோதும் வேண்டாம்.

*தம்பிக்கு வயிற்றோட்டம் வந்து மூன்று நாள். சாப்பாடு இறங்கவில்லை, மருந்தும் உடம்பில் சேராதுதானே, கூட்டிக் கொடுக்கவா?*
— வாசகர், செங்கலடி

கூட்டவே வேண்டாம்! நினைப்பதற்கு நேர்மாறாக, வயிற்றோட்டத்தில் இந்த மருந்தின் அளவு ஏறும். சாதாரணமாக விழுங்கிய மருந்தில் ஒரு பங்கைக் குடற்சுவரே சிதைத்துவிடும். அந்தச் சுவர் புண்பட்டால் சிதைப்பது குறைந்து, கூடுதலான மருந்து இரத்தத்துக்குள் போகும். உடம்பில் நீரும் வற்றியிருப்பதால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. இன்றைக்கே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியாட்டினினும், மருந்தின் அளவும் பார்க்கவேண்டும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது கை நடுங்கி, பீரிசில் கிணுகிணு என்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். அளவு ஏறியதற்கு வீட்டிலேயே தெரியும் அடையாளம் அது.

அளவை ஏற்றும் வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற அன்ரிபயோட்டிக்குகள், பங்கசுக்குக் கொடுக்கும் புளூகொனசோல், ஜம்போலா என்று சந்தையில் விற்கும் பம்பளிமாஸ் பழம். பழத்தின் விளைவு ஒரு நாளில் தீராது, ஆகவே "கொஞ்சம்தானே" என்ற கணக்கு வேண்டாம். மாறாகக் காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயினும் அளவைப் படுமோசமாக இறக்கிவிடும். முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக், இபுபுரோபன் கூடாது. அவை அளவை மாற்றுவதில்லை, நேரே சிறுநீரகத்தைத் தாக்குபவை. பரசிற்றமோல் போதும்.

*வாப்பாவுக்குச் சத்திரசிகிச்சை செய்து இரண்டு வருடம். வருகிற றமழானில் நோன்பு பிடிக்கலாமா?*
— வாசகி, காத்தான்குடி

முதல் வருடம் என்றால் யோசிக்காமல் வேண்டாம் என்றிருப்போம். இரண்டாம் வருடத்தில், கிரியாட்டினின் நிலையாக இருந்தால் சிலருக்கு வைத்தியர்கள் சம்மதிப்பதுண்டு. நம் பகுதியில் நோன்பு சுமார் 13 மணித்தியாலம். விடியமுன் சாப்பிடும் ஸஹரோடு ஒரு வேளை, நோன்பு திறந்து ஒரு வேளை என்று போட்டால் இடைவெளி 13க்கு 11 என்று வரும், 12க்கு அது கிட்டத்தான். சிக்கல் தண்ணீரில்தான் இருக்கிறது. வெயிலில் நின்று வேலை செய்பவர், சீனி வருத்தம் உள்ளவர், கிரியாட்டினின் ஏறி இறங்குபவர் பிடிக்கக்கூடாது. வாப்பா றமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே கிளினிக்குக்குப் போய்க் கேட்கட்டும். நாளுக்கு ஒருவேளை போடும் மருந்துக்கு மாற்றுவதென்றாலும் அப்போதுதான் அளவு பார்க்க நாள் இருக்கும். நோன்பு தொடங்கி முதற்கிழமையிலும் இரத்தம் பார்க்கவேண்டும். வேண்டாம் என்று வைத்தியர் சொன்னால், நோன்புக்கு ஈடாகக் கொடுக்கும் பித்யாவைப் பற்றி மௌலவியிடம் கேளுங்கள்.

*சுகமாகத்தான் இருக்கிறேன். வயலுக்கு இறங்கலாமா?*
— வாசகர், சம்மாந்துறை

வரம்பில் நின்று வேலையைப் பார்க்கலாம். சேற்றில் இறங்குவதை முடிந்தவரை விடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமியும், மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் காலிலுள்ள சிறு கீறலால் உள்ளே போகும். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உங்களுக்கு அவை கடுமையாக வரும். இறங்கத்தான் வேண்டும் என்றால் முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள், காலில் காயமிருந்தால் அன்று இறங்கவேண்டாம். எலிக்காய்ச்சலுக்கு விதைப்பு, அறுவடைக் காலங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் டொக்சிசைக்கிளினைக் கிளினிக்கில் கேட்டபிறகு எடுங்கள். பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும் போடுபவருக்குக் காய்ச்சல் மறைந்தே நிற்கும். ஆகவே தேர்மோமீற்றரில் 38 பாகை காட்டினால், உடம்பு சுகமாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.