கரண்ட் கம்பம் வராத ஷெட்டுக்கு எத்தனை பேட்டரி?

கேள்வி: அண்ணே, சாந்தன்பாறைக்கு மேலே எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். அதற்குள் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். நாங்கள் போடியில் இருக்கிறோம், மாமனார் வருஷத்தில் பத்து மாதம் அங்கேதான். கரண்ட் கம்பம் ஒன்றரை கிலோமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. நாலு பல்பு, டிவி, மிக்ஸி, மூன்று செல்போன், மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர், இவ்வளவுக்குத்தான் சோலார் கேட்கிறோம். மரம் மூடாத இடம் என்றால் ஷெட்டிலிருந்து 130 அடி தள்ளி ஒரு பாறை. ஆனி, ஆடியில் வெயிலே தெரியாது. அப்போது தோட்டத்து ஓடை போடுகிற இரைச்சலில் போன் பேசினால்கூடக் கேட்காது. கடைக்காரர் நாலு டியூபுலர் பேட்டரி போடச் சொல்கிறார். போடலாமா? மானியம் கிடைக்குமா?
- வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: தங்கச்சி, மானியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2024-இல் வந்த பி.எம். சூர்யா கர் திட்டம் மின்வாரிய லைனோடு இணைக்கிற கூரை சோலாருக்கானது. லைனே இல்லாத ஷெட்டுக்கு அதில் வழியில்லை. தோட்டம் கேரளத்தில் இருப்பதால் அங்கே அனெர்ட் (கேரள அரசின் சோலார் முதலான மாற்று எரிசக்தி நிறுவனம்) அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டு வையுங்கள். அதை நம்பி வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாலு டியூபுலர் வேண்டாம். கம்பம்மெட்டுப் பக்கம் என் ஷெட்டில் நானே அந்தத் தப்பைச் செய்தவன். முப்பது வருஷம் மோட்டார் காயில் கட்டியவனுக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்பு! இரண்டு டியூபுலர் வாங்கி, பேனலைக் கூரையிலேயே மாட்டினேன். பக்கத்தில் ஒரு சில்வர் ஓக். காலை பதினொரு மணி வரை அதன் நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் விழும். ஓரம்தானே என்று விட்டுவிட்டேன். பேனலுக்குள் செல்கள் சங்கிலி மாதிரி கோத்திருக்கின்றன, ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த வரிசையே படுத்துவிடும். இரண்டாவது ஆடியில் இரவு எட்டு மணிக்கே பல்பு மங்க ஆரம்பித்தது. டியூபுலர் என்பது ஈய பேட்டரி, அது அடிக்கடி முழுசாக நிரம்ப வேண்டும். அரைகுறை சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. நம் மலையில் மழைக்காலம் முழுக்க அரைகுறைதானே? நாலு பேட்டரி வாங்கினால் நிரம்பாமல் கிடப்பதும் நாலாகும், அவ்வளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். நாலு 9 வாட் பல்பு, நாலு மணி நேரம்: 144 வாட்மணி. டிவி 50 வாட், மூன்று மணி நேரம்: 150. செல்போனுக்கு 45. 500 வாட் மிக்ஸி கால் மணி நேரம்: 125. ஸ்பிரேயர் பேட்டரி 12 வோல்ட் 12 ஏ.எச். (ஆம்பியர்-மணி) என்றால் சார்ஜரில் போகிற நஷ்டத்தோடு 180. ஆக மொத்தம் 650-க்குள். ஆயிரம் வாட்மணி ஒரு யூனிட், அதனால் இது முக்கால் யூனிட்கூட இல்லை. ஆனால் இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே 15 வாட் தின்னும். ஒரு நாளைக்கு 360. மாமா பார்க்கிற டிவியைவிட இரண்டு மடங்குக்கு மேல்! அதனால் பல்பையும் செல்போன் சார்ஜரையும் இன்வெர்ட்டர் இல்லாமல் நேரடியாக பேட்டரியில் ஓடும்படி 24 வோல்ட் டி.சி.யில் வாங்குங்கள். டிவிக்கும் மிக்ஸிக்கும் ஸ்பிரேயருக்கும் மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு, வேலை முடிந்ததும் அணைக்க மாமாவைப் பழக்குங்கள். பழக்குவது உங்கள் சாமர்த்தியம்.

பேனல் 540 வாட்டில் இரண்டு போதும். மாசி, பங்குனியில் நாளைக்கு நாலு யூனிட் வரை வரும், உங்களுக்கு அது மிச்சம். சாரல் நாளில் ஒரு யூனிட் வந்தால் பெரிசு, அடைமழையில் அதுவும் இல்லை. பாறையில்தான் வையுங்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு நிழல் ஆகாது, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஜெயிக்க முடியாது. மரத்தை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஏலமலைக் காட்டு நிலத்தில் அனுமதி இல்லாமல் அது வம்பு. தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். உங்கள் ஊர் அட்சரேகையே கிட்டத்தட்ட 10. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி பத்தாம் தேதி வாக்கு வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் நிற்கும், அதனால் அதிகம் சாய்த்தால் நஷ்டம். மழை வழிந்து இலை, பாசி கழுவிப் போக அந்தச் சாய்வு இருந்தால் சரி. காற்றுக்குப் பயந்து, பாறையில் துளை போட்டு போல்ட் இறக்குங்கள். இடிக்குப் பயந்து, எர்த்தும், திடீரென்று பாய்கிற வோல்டேஜைத் தரைக்கு இறக்குகிற சர்ஜ் அரெஸ்டரும் கட்டாயம்.

130 அடி ஒயர் என்பதுதான் இதில் சூட்சுமம். இரண்டு பேனலையும் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கட்டினால் 41 வோல்ட், 26 ஆம்பியர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் போக வர 260 அடி ஓடும்போது நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஒயரைச் சூடாக்கியே போய்விடும். சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கட்டினால் 83 வோல்ட், 13 ஆம்பியர், நஷ்டம் நாலு பங்குதான். ஆனால் லோடு இல்லாத நேரத்தில் அதே சீரியஸ் 99 வோல்ட் காட்டும். குளிரில் வோல்டேஜ் இன்னும் ஏறும். மார்கழி விடிகாலையில் நூறைத் தாண்டும். பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற எம்.பி.பி.டி. கன்ட்ரோலரில், கடையில் 100 வோல்ட் தாங்குவதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். 150 வோல்ட், 40 ஆம்பியர் என்று சீட்டில் எழுதிக் கேளுங்கள்.

பேட்டரி, 24 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் அயன் பாஸ்பேட் ஒன்று. இரண்டரை யூனிட் பிடிக்கும், இரண்டு யூனிட் தாராளமாக எடுக்கலாம், அதாவது மூன்று ராத்திரி. பாதி சார்ஜில் கிடந்தாலும் கெடாது. எடையும் குறைவு, ஜீப் ரோட்டுக்கு அப்புறம் தலைச்சுமையாகத் தூக்குகிறவரும் வாழ்த்துவார்.

ஆனால் மழை மூன்று ராத்திரியோடு நின்றுவிடுமா என்ன? இங்கேதான் உங்கள் கடிதத்தில் குறையாகச் சொன்ன ஓடை எனக்குப் பிடித்தது. வெயில் இல்லாத மாதத்தில்தான் அது நிறைந்து ஓடுகிறது. மேலே ஒரு இடத்தில் தண்ணீரைத் தடுத்து, 65 அடி செங்குத்து இறக்கம் கிடைக்கும்படி பைப்பில் கொண்டுவந்து சின்ன டர்பைனில் விட்டால், வினாடிக்கு இரண்டு லிட்டருக்கே பாதி நஷ்டம் போக 200 வாட் கிடைக்கும். 200 வாட் என்றால் அற்பமாகத் தெரியும். ஆனால் அது ராத்திரியும் ஓடும், நாளைக்கு நாலரை யூனிட்டுக்கு மேல். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் தருவதற்குக் குறையாது! காய் எடுப்புக்கு ஆள் தங்குகிற மாதங்களும் அவைதான். (காயை இதில் உலர்த்தலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு விறகு எரிக்கிற உலர்ப்பு ஸ்டோர்தான்.)

டர்பைனில் ஒரு சங்கடம் உண்டு. பேட்டரி நிரம்பியதும் பேனலைப் போல சும்மா விட முடியாது, லோடு இல்லாவிட்டால் கண்டபடி வேகம் எடுக்கும். மிச்சக் கரண்டைக் கொட்ட ஒரு ஹீட்டர் வைத்தாக வேண்டும். அதை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துவிட்டால் ஆடி மாதக் குளிரில் மாமாவுக்குக் குளிக்க வெந்நீர். முதலில் 15 லிட்டர் வாளி ஒன்றை ஓடையில் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி என்று மாமாவை எண்ணிப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். எட்டுக்குள் என்றால் மேற்கொண்டு பேசுவோம்.

கேள்வி: பழைய ஜீப் பேட்டரியைப் பேனலில் மாட்டி பல்பு எரிக்கலாமா?
- வாசகர், பூப்பாறை

பதில்: எரியும். நாலைந்து மாதம். அது வண்டியை ஸ்டார்ட் பண்ண ஒரே மூச்சில் கரண்ட் தள்ளுகிற பேட்டரி, தகடு மெல்லிசு. தினமும் அடிவரை இறக்கினால் தாங்காது.